திருப்பிப் போட்ட ஸ்லைடு

மாப்ள,

நேற்று உன் மகள் நாயுடுபுரத்திலிருந்து வந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்தால் உன் ஸ்லைடுகள். பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஓடை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் புதுமண ஜோடிகளைப் படம் பிடித்துப் பிழைத்தவன் நீ. மிச்ச நேரமெல்லாம் சோலைக்காட்டில் குப்புறக் கிடந்து தவளையை எடுப்பாய். "பொண்டாட்டிய ஒரு படம் எடுத்திருக்கியாலே?" என்றால், "தவள பேசாம உக்காருது மாப்ள, அவ எங்க?" என்பாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓடை பிறக்கிற சோலையை வெட்டிப் பூண்டு போட எங்கள் ஊரே ஆசைப்பட்டது. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு. அதற்குமுன் படம் காட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். புரொஜெக்டரை என் ஜீப்பில் ஏற்றிப் போனோம். பள்ளிக்கூடச் சன்னல்களில் பூண்டுச் சாக்கை மாட்டிப் பகலை இருட்டாக்கி, சுவரில் வேட்டி கட்டினோம்.

பூவும் பறவையுமாகக் காட்டினாய். "இதப் பாக்கவா சோலிய விட்டுட்டு வந்தோம்?" என்று ஒரு பெரியவர் எழுந்தேவிட்டார். அடுத்தது, அடுத்தது என்று என்னை அவசரப்படுத்தினாய். அந்தப் பதற்றத்தில் அடுத்த ஸ்லைடை நான் திருப்பிப் போட்டுவிட்டேன். ஓடை இடம் வலம் மாறி விழுந்தது.

"ஏலே, தண்ணி என்ன அந்தப் பக்கமாப் போகுது?" பெரியவர் நின்றுவிட்டார்.

"வழுக்குப்பாற இந்தக் கைப்பக்கம்ல இருக்கணும்!" என்றாள் ஓர் அம்மா. "கோடையில அதுக்குக் கீழ மட்டுந்தான தண்ணி கெடக்கும்."

அப்புறம் யாரை நிறுத்த முடிந்தது? வேட்டியில் விரல் வைத்து உனக்குப் பாடம் எடுத்தார்கள். ஊற்று எந்த மரத்தடியில் என்று ஒரு சண்டையே நடந்தது.

"அப்ப அந்த மரம் போச்சுன்னா என்னங்க ஆகும்?" என்று கேட்டாய்.

வெள்ளிக்கிழமை சோலை தப்பியது. "நாந்தாங்க தெரியாமத் திருப்பிப் போட்டேன்" என்று என் தவறையும் நீயே ஏற்றுக்கொண்டாய். பிறகு போன ஊரிலெல்லாம் வேண்டுமென்றே ஒன்றைத் திருப்பிப் போடச் சொன்னாயே, கள்ளப்பயலே!

நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தச் சோலையில் எனக்கும் ஒரு பங்கு பேசியிருந்தார்கள். வெட்டலாம் என்று கை தூக்கத்தான் நானும் இருந்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான் நானும்; ஆனால் படம் மாறி விழுந்தபோது எனக்கு மட்டும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அங்கே நான் பார்த்துக்கொண்டிருந்தது பூண்டு வயலை.

இத்தனை வருடமும் அந்த வெட்கத்தை வைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் சிரித்தே மன்னித்திருப்பாய். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.