ஐந்து நாற்பது அறிவிப்பு

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை நகரி மலையோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

புது நோட்டு. இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக ஒரு வரியும் சேர்ப்பதில்லை. எனக்கு அவமானமானதையும் விடுவதில்லை. (போன வருட நோட்டில் பாதிக்கு மேல் கற்பனை. கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று.)

நாளை முதல் பள்ளி விட்டதும் ரேடியோ ஆபீஸ். பிளஸ் ஒன் பிள்ளைகளில் இரண்டு பேரை அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாம். தமிழ் டீச்சர் என் பெயரைக் கொடுத்தார். இன்னொருத்தி வீட்டில் விடவில்லை.

எதிர் வீட்டு பங்கஜம் அத்தை: "ரேடியோவா? அது இன்னும் கீதா, ஓடுதா?" சீரியல் விளம்பர இடைவேளையில் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சந்தோஷம். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டி ஓட்டி அவருக்குக் காது பாதி போய்விட்டது. என் குரல் வந்தால் ரேடியோப் பெட்டி மேல் கையை வைத்துப் பார்ப்பாராம். அதிர்வு தெரியுமாம்.

ஜூலை 21, திங்கள்

முதல் நாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது, எதிரொலி வராமலிருக்க. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். உட்கார்ந்தால் கிறீச்சிடும் இரும்பு நாற்காலி. வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சு.

எல்லாம் பார்த்துக்கொள்வது சுகுணா அக்கா. (இனி சு.அ.) முப்பது வயதிருக்கும். சிரிக்கும்போதும் கண் சிரிப்பதில்லை.

இன்று ஒலிபரப்பானவை:
கரண்ட் நிற்கும் நேரம்.
மார்க்கெட்டில் தக்காளி, கத்தரி விலை.
தெலுங்கில் பத்து நிமிடம்.
பசு மாடு ஒன்று காணோம், ஒரு கொம்பு உடைந்தது.

சென்னை எஃப்.எம். எல்லாம் செல்போனிலேயே வருகிறதே, நம்மை யார் கேட்பார்கள் என்றேன். சென்னைக்காரனுக்கு கே.ஜி.கண்டிகையில் கரண்ட் போனது தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். இங்கே மலையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு அது போதும் என்றார்.

குரல் பரீட்சை வைத்தார். புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒரே பரீட்சை: தொலைந்துபோன பிள்ளை மாதிரி பேச வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தவறிப்போன பிள்ளைகளை மலைக் கோயிலில் மைக் முன்னால் நிறுத்தி, அவர்கள் வாயாலேயே பேரும் ஊரும் சொல்ல வைப்பார்கள். குரலைக் கேட்டு அம்மாவோ அப்பாவோ ஓடி வருவார்கள். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் மனப்பாடமான பேச்சு அது. யோசிக்காமல் வரும், அதனால் உண்மையான குரல் வரும் என்பது சு.அ. கணக்கு.

நான்: "என் பேரு ஹேமா. வயசு பதினாறு. நீலப் பாவாடை, வெள்ளை தாவணி. அடையாளம் ஒண்ணும் இல்ல. ரேடியோ ஆபீசுலதான் உக்காந்துகினு இருக்கேன். வந்து கூட்டிகினு போங்க."

நன்றாக இருக்கிறது என்றார். கம்ப்யூட்டரில் 'பரீட்சை' என்ற இடத்தில் என் பேரில் சேமித்தார்.

உண்மை எழுதுவதாகச் சொன்னேன். ஆகவே: அடையாளம் இல்லை என்றது பொய். கழுத்தில் பால் கொட்டின தழும்பு இருக்கிறது. சொல்லக் கூச்சம்.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளியில் வேதியியல் டெஸ்ட். பதினெட்டு மார்க்.

சு.அ. கீழே டீ வாங்கப் போனார். 'பரீட்சை'யில் மற்றவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்பது குரல்கள். எட்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை.

"என் பேரு செல்வி. வயசு பதினஞ்சு. கே.ஜி.கண்டிகை. பச்சைப் பாவாடை, இடது புருவத்துல வெட்டுக் காயம். ரேடியோ ஆபீசுலதான் உக்காந்துகினு இருக்கேன். வந்து கூட்டிகினு போங்க."

பேசி முடித்த பிறகும் ரெக்கார்டிங் ஓடுகிறது. மின்விசிறிச் சத்தம். பிறகு நாற்காலி கிறீச். காலடி கதவு வரைக்கும் போகிறது. முடிந்தது.

நான் உட்கார்ந்திருந்ததும் அதே நாற்காலி. ஹெட்போனில் கிறீச்சிட்டபோது எழுந்துவிட்டேன்.

5.40க்குக் கம்ப்யூட்டர் தானாக ஒன்றைப் போட்டது. (நேற்று நான் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன்.) செல்வியின் அதே குரல். ஊர் முழுக்கப் போனது. சு.அ. டீ கிளாசைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்த கிளாசையே திரும்பக் கழுவினார்.



ஜூலை 23, புதன்

நேற்று ஆறரைக்கு நான் கிளம்பும்போது வராந்தா பெஞ்சில் ஒரு அம்மா இருந்தார். மடியில் மஞ்சள் பை. யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இன்றும் அதே. 5.40க்கு அறிவிப்பு. ஆறேகாலுக்குப் படியில் காலடி. அதே அம்மா, அதே பை. உள்ளே வரவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்தார். ஏழு மணிக்கு எழுந்து போனார்.

சு.அ. சொன்னது, சுருக்கமாக: அவர் பேர் கன்னியம்மா. செல்வியின் அம்மா. கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை. செல்வி என்னைப் போலவே இங்கே பழக வந்தவள். இரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் பள்ளிக்குப் போனவள் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரலைத் தினமும் போடச் சொன்னதே கன்னியம்மாதான். கடை ரேடியோவில் கேட்பார். கேட்டதும் பஸ் ஏறி வருவார்.

வந்து கூட்டிப்போகச் சொல்கிறாள் அல்லவா. வருகிறார்.

பையில் என்ன என்றேன். மாற்றுத் துணி, சீப்பு, ஒரு ஜோடி செருப்பு.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. சோளக்களி. அதனாலும் இருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

கிருத்திகைக்கு இரண்டு நாள். பூக்காவடி, மயில்காவடி எல்லாம் ரயிலடியிலேயே இறங்க ஆரம்பித்துவிட்டன. ஆந்திராப் பக்கத்து லாரிகள். மொட்டைத் தலைகள்.

காலையில் குழாயடியில் பங்கஜம் அத்தையிடம் செல்வியைப் பற்றிக் கேட்டேன். அத்தை குடத்தை நிமிர்த்தியபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கண்டிகைப் பொண்ணா? அதான் அன்னிக்கே கெடைச்சிடுச்சே. அதுவே பேசிச்சே ரேடியோவுல, இங்கதான் கீறேன்னு. இப்ப தெனம் போடறாங்களாமே, அது ஆபீசு விளம்பரம்மா."

பின்னால் நின்றவர்களும் ஆங், ஆங் என்றார்கள். அதில் ஒருத்தர் செல்விக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்றார்.

குடம் வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். அம்மா திட்டினார்.

இந்த ஊரில் தொலைந்த பிள்ளையின் குரல் மைக்கில் வந்தால் ஒரே அர்த்தம்தான். கிடைத்துவிட்டது. இனி அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

இரண்டு வருடமாக, தினமும் 5.40க்கு, செல்வியே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தன்னைத் தேட வேண்டாம் என்று.

ஜூலை 25, வெள்ளி

முதலில் அந்தக் குரலை ஏன் போட்டீர்கள் என்று சு.அ.விடம் கேட்டுவிட்டேன். அவர் நெடுநேரம் கீபோர்டில் இருந்த தூசியைத் துடைத்தார்.

செல்வி காணாமல் போன அன்று மாலை கன்னியம்மா ஓடி வந்து அறிவிப்புப் போடச் சொல்லியிருக்கிறார். சு.அ. தனியாக இருந்தார். எழுதிப் படிக்கக் கை ஓடவில்லை. செல்வியின் பரீட்சைக் குரல் தயாராக இருந்தது. பேர், வயது, ஊர், புருவக் காயம், எல்லாம் சரி. குரலைக் கேட்டால் ஜனங்களுக்கு இரக்கம் வரும் என்று அதையே போட்டுவிட்டார். அன்றிரவு முழுக்க, பல முறை.

ஒரு போன் கூட வரவில்லை.

"ஏன் வரலன்னு எனக்கு மறுவாரமே புரிஞ்சிடுச்சி ஹேமா. சொல்ல முடியல. அந்தம்மா மூஞ்சப் பார்த்து எப்டி சொல்றது? நீ தேடச் சொன்ன, நான் தேட வாணாம்னு சொல்லிட்டேன்னா?"

நிறுத்தியிருக்கலாமே என்றேன். நிறுத்தினால் கன்னியம்மா ஏன் என்று கேட்பார். காரணம் சொல்ல வேண்டி வரும். அதனால் நிறுத்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஒன்று ஞாபகம் வந்து கோபம் போனது: நானும் அந்த மைக் முன்னால் தழும்பை மறைத்தவள்தான்.

நாளை 5.40க்கு அந்தக் குரலைப் போட வேண்டாம், நான் நேரடியாகப் பேசுகிறேன் என்றேன். சு.அ. நாற்காலியை விட்டு எழுந்தார். மைக் உயரத்தை எனக்குத் தக்கபடி இறக்கி வைத்தார்.

ஜூலை 26, சனி. ஆடிக் கிருத்திகை

5.05. ஆபீசிலிருந்தே எழுதுகிறேன். கீழே தெரு தெரியவில்லை, தலைகள்தான். அரோகரா சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தம். கன்னியம்மாவால் வர முடியாது. வராமலிருந்தால் நல்லது என்று நினைத்தேன். (உண்மை.)

5.30. எழுதியதை நாலு முறை படித்துப் பார்த்தாயிற்று. சு.அ. பட்டியலிலிருந்து செல்வியின் குரலை எடுத்தார். அந்த இடம் காலியாகத் தெரிகிறது, பல் விழுந்த மாதிரி.

5.47. பேசிவிட்டேன்.

பேசியது: கே.ஜி.கண்டிகை செல்வி ரேடியோ ஆபீசில் இல்லை. அவள் கிடைக்கவில்லை. நீங்கள் இத்தனை நாள் கேட்டது, அவள் தொலைவதற்கு முன்னால் பழகுவதற்காகப் பேசியது. அதைப் போட்டது எங்கள் தவறு. இரண்டு வருடமாகக் காணோம். இடது புருவத்தில் வெட்டுக் காயம். காணாமல் போன அன்று அவளைப் பார்த்தவர்கள் இப்போதாவது சொல்லுங்கள்.

சு.அ. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முட்டை அட்டைகளைத்தான் பார்த்திருப்பார்.

5.58. போன்.
6.02. போன்.
6.04, 6.05, 6.11. போன். பெரும்பாலும் ஒரே கேள்வி: அப்போ பேசினது யார்?

6.20. ஒரு ஆட்டோக்காரர். நான்தான் எடுத்தேன். அவர் சொன்னதை வரிக்கு வரி எழுதிக்கொண்டேன்:

"அன்னிக்கு மணவூருக்கு சவாரி போயிருந்தேம்மா. அந்தப் பொண்ண பிளாட்பாரத்துல பார்த்தேன். அரக்கோணம் பக்கம் போற வண்டிக்கு நின்னுகினு இருந்திச்சி. கால்ல செருப்பு இல்ல. யாரோ ஒரு பொம்பள கையப் புடிச்சிகினு இருந்தா. ராத்திரி எங்க தெருவுல அதைக் காணோம்னு பேசிகினாங்க. எந்திரிச்சி சட்டையக் கூட மாட்டிட்டேன், வந்து சொல்லலாம்னு. அப்பறம் ரேடியோவுல அது கொரலே கேட்டுச்சி, ஆபீசுல உக்காந்துகினு கீறேன்னு. சரி, கெடைச்சிடுச்சின்னு சட்டையக் கயட்டிட்டேன்."

பெயரும் நம்பரும் வாங்கினேன். நாளை காலை எங்கு வேண்டுமானாலும் வருகிறேன் என்றார்.  

6.50. கன்னியம்மா வந்துவிட்டார். பஸ்ஸில் இல்லை. கண்டிகையிலிருந்து பாதி தூரம் நடை, பாதி ஒரு காவடி லாரியில். புடவையெல்லாம் யாரோ தெளித்த மஞ்சள் தண்ணீர். பெஞ்சில் உட்காரவில்லை. முதல் முறையாக உள்ளே வந்தார்.

சு.அ. காலில் விழப் போனார். கன்னியம்மா ஒதுங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டோக்காரர் சொன்னதைப் படித்துக் காட்டினேன். செருப்பு இல்லை என்ற இடத்தில் பையை இறுக்கிப் பிடித்தார். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

பிறகு என்னிடம் மட்டும் பேசினார்.

"இனிமே அவ கொரல் வெளிய போவ வாணாம். நீ சொல்லு. தெனம் சொல்லு. இங்க இல்லன்னு சொல்லு."

நாளைக் காலை முதல் வண்டியில் அவர், ஆட்டோக்காரர், சு.அ. மூவரும் மணவூர். அங்கிருந்து அரக்கோணம் ரயில்வே போலீஸ். நானும் வருகிறேன் என்றேன். நைனாவைக் கேட்க வேண்டும்.

7.15. என் பரீட்சைக் குரலை அழித்துவிட்டேன். மற்ற எட்டையும். செல்வியுடையதை அழிக்கவில்லை. போலீசுக்குக் கொடுக்க வேண்டும்.

கன்னியம்மா அதை ஒரு முறை கேட்க வேண்டும் என்றார். ஊருக்கு இல்லை, இந்த அறைக்குள் மட்டும். ஒலிபரப்பை நிறுத்திவிட்டு சு.அ. போட்டார். கடை ரேடியோவில் இரைச்சலோடு கேட்டே பழகியவர். இங்கே குரல் அவ்வளவு தெளிவு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வந்து கூட்டிகினு போங்க என்று முடிந்தது. ஒலிபரப்பில் அந்த இடத்தோடு நறுக்கிவிடுவார்களாம். மீதியைக் கன்னியம்மா கேட்டதே இல்லை.

மின்விசிறிச் சத்தம். நாற்காலி கிறீச். காலடி, ஒன்று, இரண்டு, மூன்று, கதவு வரைக்கும்.

மூன்று பேரும் கதவைப் பார்த்தோம்.

கன்னியம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாற்காலியில் யாரும் இல்லை என்பதை நான் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கம்ப்யூட்டர், மின்விசிறி, மைக். கடைசியாக விளக்குகளை அணைத்தாயிற்று.