இங்கிலாந்து அரசியும் எங்கள் ஆறு மாவும்

12.11.1970, வியாழன்

காலையிலிருந்து மழை. கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. மறுபடியும் பெயில். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன், பிரிட்டிஷ் அரசியலமைப்பில் மட்டும் இருபத்தெட்டு மார்க். நாட்டை விட்டுப் போய் இருபத்து மூன்று வருஷமாகியும் வெள்ளைக்காரன் என்னைத் தேடி வந்து பெயிலாக்குகிறான்.

"நம்ம ஊரு நன்னிலத்தைப் பத்திக் கேட்டா எழுத மாட்டியா நீ? அந்த ஊரு நமக்கு எதுக்குடி?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி.

ஏப்ரலில் திரும்ப எழுத வேண்டும். என்னிடம் புத்தகம் இல்லை.

15.11.1970

புத்தகம் பஞ்சநதம் ஐயா வீட்டில் இருக்கிறது. அவர் மகள் மங்களாம்பிகை என் வகுப்புதான். அவளும் பெயில். இருபத்தொன்று. என்னைவிடக் குறைவு என்பதில் ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்?

அப்பா பயிர் செய்வது அவர்கள் நிலம். பூவத்தடி என்கிற வயல், ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். முப்பது வருஷக் குத்தகை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஐயா அறுப்பன்றைக்கு மட்டும் வருவார். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அப்பா "இறங்குங்க" என்று சொன்ன பிறகுதான் வயலில் கால் வைப்பார். குத்தகை வயலுக்கு எங்கள் ஊரில் அதுதான் முறை. அவருடைய சொந்தப் பண்ணையில் யாரையும் கேட்டு நிற்கமாட்டார்.

ஐயா அந்தக் காலத்து பி.ஏ. இங்கிலாந்து என்றால் உருகிவிடுவார். "ரெண்டு பேரும் சேந்தே படிங்க" என்றார். ஆனால் கூடத்தில் இல்லை, மாட்டுக்கொட்டகையில். கல்லூரியில் மங்களத்தை நான் 'நீ' என்பேன், கொட்டகையில் 'நீங்க'. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை.

3.12.1970

இங்கிலாந்தில் அரசியலமைப்பைச் சட்டப் புத்தகமாக எழுதி வைக்கவில்லையாம். பாதிக்கு மேல் வழக்கம்தான். கால் கழுவ வந்த ஐயா கிணற்றடியிலிருந்தே சத்தம் போட்டார்: "எழுத்துல இருக்காது. ஆனா ஒருத்தன் மீற மாட்டான். அதாம்மா நாகரிகம்!"

குறித்துக்கொண்டேன். பத்து மார்க் கேள்வி.

10.12.1970

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் ரெங்கசாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிவு செய்ய அரசாங்கம் சட்டம் போட்டதல்லவா, அதில் அப்பா கொடுத்த மனுவுக்கு ஐயா ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்கிறார். "முருகையன் என் கூலியாள். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது."

எழுத்துல கிடையாதாம்! போன வாரம் அதுதான நாகரிகம்னாரு? பாவி மனுஷன். எங்க அப்பன் முப்பது வருஷமா யாரு வயல்ல நிக்கிறாரு? கூலியாளா?

பேர் ஏறாவிட்டால் இந்த அறுப்போடு நிலம் கையை விட்டுப் போகும். அப்பா சோற்றைத் தொடவில்லை.

11.12.1970

கொட்டகைக்குப் போவதா, வேண்டாமா?

12.12.1970

போனேன். புத்தகம் அங்கேதானே இருக்கிறது.

மங்களம் என் முகத்தைப் பார்க்காமல், "எங்கப்பா செஞ்சது தப்பு வேம்பு" என்றாள். பிறகு இருவரும் எதிர்க்கட்சி பாடம் படித்தோம். அங்கே எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறதாம், தன்னைத் திட்டுவதற்கு. எனக்கு அவர்கள் வீட்டு மோர் வந்தது. குடித்தேன்.

22.12.1970

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

அரசி கீழ்ச்சபைக்குள் நுழையக் கூடாது. உறுப்பினர்களைக் கூப்பிடக் கறுப்புக் கோல் பிடித்த ஒருவரை அனுப்புவார். அவர் வாசலுக்கு வந்ததும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். மூன்று தட்டு தட்டினால்தான் திறப்பார்கள். மங்களத்துக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. நடித்துப் பார்த்தோம்.

எருமை சபாநாயகர். விவாதத்தில் சேராது, ஆனால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தவிட்டு மூட்டை பிரபுக்கள் சபை. மங்களம் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் கொட்டகை வாசல் படலைப் படாரென்று சாத்தினேன். அந்த நேரம் பார்த்து ஐயா.

"எம்பொண்ணு மூஞ்சியிலயா சாத்துற?"

படலைத் திறந்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "நல்லாச் சாத்து! அரசியே அனுப்பின ஆளா இருந்தாலும் தட்டிட்டுத்தான் வரணும். அடுத்தவன் எடம் அது!" என்றார். எருமை சாணி போட்டது. சபை கலைந்தது.

இவர்தான் அந்த ஆட்சேபணையை எழுதியவர். என்ன செய்வது இந்த மனிதரை?

2.2.1971, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதிவுத் தாசில்தார் வயலைப் பார்க்க வந்தார். கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. ஐயா புது அரிவாளோடு வந்திருந்தார். அவரே பயிர் செய்கிறாராம், அவரே அறுத்துக் காட்டப் போகிறாராம். அரிவாளில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை. அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ம், அறுங்க பாப்போம்" என்றார் தாசில்தார்.

ஐயா செருப்பைக் கழற்றினார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறுகிறது. கர்ணம் இருமினார். ஐயா அரிவாளைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு, அறுப்புக்கு அறுப்பு செய்வது போலவே, அப்பா பக்கம் திரும்பினார்.

"முருகையா, இறங்கலாமா?"

அப்பாவும் கைகூப்பி, "இறங்குங்கய்யா" என்றார்.

ஒரு கால் வரப்பில், ஒரு கால் வயலில். அப்போதுதான் ஐயாவுக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"கூலியாளைக் கேட்டா சொந்த வயல்ல இறங்குவீங்க?" என்றார் தாசில்தார்.

"அது… வழக்கம்."

"அதத்தான் எழுதிக்கிறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

3.2.1971

அப்பா தூங்கவே இல்லை. "நான் வாயத் தொறக்காம இருந்திருக்கணும். நாலு பேரு முன்னாடி ஐயா மானம் போயிடுச்சே" என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யார் நிலம் போக இருந்தது, யாருக்காக வருத்தப்படுகிறார்!

20.4.1971

பரீட்சை. 'எழுதப்படாத மரபுகள் ஏன் பின்பற்றப்படுகின்றன? உதாரணம் தருக.' பூவத்தடியை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். பெயிலாக்கினால் ஆக்கிக்கொள்ளட்டும்.

18.6.1971

ஐம்பத்து நாலு! மங்களத்துக்கு நாற்பது, சரியாகப் பாஸ் மார்க்.

7.7.1971

பதிவேட்டில் அப்பா பேர் ஏறிவிட்டது. அம்மா கர்ணத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

5.2.1972, சனி

அறுப்பு. ஒரு வருஷமாக ஐயா அப்பாவிடம் பேசுவதில்லை. இன்றும் வரவில்லை. அவர் வராமல் அரிவாள் வைக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. பதிவு இருக்கிறதே என்றேன். "பதிவு இருந்தா? மொறைன்னு ஒண்ணு இல்லியா?" என்றார். கூலி பேசி வந்த ஆட்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு மங்களம் தனியாக வந்தாள், கையில் அந்தக் குடை. "அப்பா அனுப்பினாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வரப்பில் செருப்பைக் கழற்றினாள். அப்பா இறங்கச் சொல்ல வாயெடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். குனிந்து, வயலுக்குத் தண்ணீர் விடும் மடைப்பலகையில் குடைக்காம்பால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கும்தான்.

முறைப்படி முதலில் நான் அவள் முகத்தில் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். வயலுக்கு ஏது கதவு?

"இறங்கு மங்களம்" என்றேன்.