தைத்து வைத்த விடைப் பக்கங்கள்

இன்று காலை பழைய பேப்பர் எடுப்பவர் வந்தார். ஈரத்தில் பூசணம் பிடித்த புத்தகங்களை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதுல கடைசிப் பக்கத்தையெல்லாம் எதுக்குத் தெச்சு வெச்சிருக்கறீங்க?" என்றார். வாங்கிப் பார்த்தேன். நீல நூல். உங்கள் கணக்குப் புத்தகத்தில் நான் போட்ட தையல்தான். அதை மட்டும் உள்ளே எடுத்துவந்துவிட்டேன். அப்போதிலிருந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஃபேக்டரியில் தொழிலாளியாக இருந்த உங்களுக்கு, துறைத் தேர்வு எழுதினால் மேற்பார்வை வேலைக்குப் போகலாம் என்று ஒரு வழி இருந்தது. மற்ற தாளெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. கணக்கில்தான் இரண்டு முறை போயிற்று. இரண்டு முறையும் யாரோ சொன்னார்கள் என்று தலையணை மாதிரி ஒரு கைடு வாங்கி வந்தீர்கள். முதல் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை தோற்ற அன்று நீங்கள் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "என்ற மண்டைக்கு இது ஏறாது புள்ள" என்றீர்கள்.

மூன்றாவது முறை புத்தகம் வாங்க நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். படித்த காலத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் அதை அதுவரை உங்களிடம் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

குன்னூர் பஜாரில் புத்தகக் கடைக்காரர் பழைய கைடையே மறுபடி எடுத்து நீட்டினார். "இதுல இல்லாத கணக்கே இல்லீங்க." நான் வேறு இரண்டு புத்தகங்களையும் கேட்டு வாங்கி, மூன்றையும் சதவீதப் பாடத்தில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கைடில் சூத்திரம் இருந்தது, விடை இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. அடுத்ததில் எல்லாம் குறுக்குவழி; ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் அது பயன்படும். மூன்றாவது ஒல்லியான புத்தகம். ஒவ்வொரு வரிக்கும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எழுதியிருந்தது. விரலை வைத்து, "இதப் படிச்சுப் பாருங்க" என்றேன். உதடு அசையப் படித்தீர்கள். இரண்டாம் முறையும் படித்தீர்கள். பிறகு தலையாட்டினீர்கள்.

"இதோட எட்டாங்கிளாஸ் கணக்குப் பொஸ்தகம் ஒண்ணும் குடுங்க" என்றேன். பின்னம் தெரியாமல் சதவீதம் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பையனுக்குங்களா?" என்றார்.

நமக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் காது சிவந்துவிட்டது.

"எனக்குத்தானுங்க. நாந்தான் பரீட்சை எழுதப் போறேன்" என்றேன்.

அருவங்காடு வரைக்கும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இறங்கும்போது என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நல்லாப் பொய் சொல்லுற" என்றீர்கள். நான் பயந்திருந்தேன். உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

விடிகாலையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பீர்கள். வெளியே மூடுபனியில் எதிர் குவாட்டர்ஸ் கூடத் தெரியாது. கணக்கு கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், உங்கள் கை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். ஒருநாள் ஊசியும் நூலும் எடுத்து விடைப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். "இது அக்கிரமம் புள்ள" என்று கத்தினீர்கள். உள்ளறையில் படுக்கையாகக் கிடந்த உங்கள் அம்மா, "என்னடா சத்தம்?" என்று கேட்டார். "உங்க மருமக பொஸ்தகத்துக்கு ரவிக்கை தெச்சுப் போடுறாம்மா" என்றீர்கள். அந்த வீட்டில் நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

நீங்கள் பாஸானீர்கள். பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு ஆஃபீஸிலிருந்து ஓடி வந்தீர்கள். அடுத்த மாதமே ஆர்டரும் வந்தது. வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருந்த ஃபேக்டரிக்கு. அதை நாம் இருவருமே நினைத்திருக்கவில்லை. அம்மாவை அந்த வெயிலுக்குக் கொண்டுபோக முடியாது. நான் இங்கே தங்கினேன். "மூணே வருசம், கேட்டு வாங்கீட்டு வந்தர்றேன்" என்றீர்கள்.

முதல் லீவில் வந்தபோது இளைத்திருந்தீர்கள். கிளம்பும் நாள் காலையில் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் வேற பொஸ்தகம் எடுத்துக் குடுத்திருந்தா, நீங்க இங்கயே இருந்திருப்பீங்க இல்லீங்களா?"

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கையை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "இருந்திருப்பேன். ஆனா உன்ற மூஞ்சிய நிமிந்து பாத்திருக்க மாட்டேன்."

அதற்கடுத்த கோடையில் அங்கே உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. தகவல் கிடைத்து, அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஃபேக்டரியில் நீங்கள் வேலை பார்த்த அறையைக் காட்டினார்கள். மேசை மேல் உங்கள் பெயர் எழுதிய பலகை இருந்தது. அதுவரை உங்கள் பெயரை அச்சு மாதிரி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அம்மாவும் போய் நாளாயிற்று. குவாட்டர்ஸை விட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். ஒருத்திக்குச் சமைப்பது இன்னும் சரியாக வரவில்லை, எப்போதும் மிஞ்சிவிடுகிறது. யாராவது வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்போது, பொத்தானில் கை வைத்தபடி நீங்கள் சொன்னதை எடுத்து வைத்துக்கொள்கிறேன். பல நாள் அது போதுகிறது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் போதுவதில்லை.