வேட்டிப் பெட்டியில் முயல்

12-8-81, புதன்

முயலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தது நான்தான். கோழி அடைக்கிற அந்தக் கூடைக்கு அடி கிடையாது, முயலோ மண்ணைத் தோண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அது வெளியேறிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. பழியைத் தெரு நாயின் மேல் போட்டேன், யாரும் நம்பவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். "ஏட்டி, இதுக்கு ஒரு நிரந்தர இடம் இல்லன்னா நாளைக்கே புளியங்குடிக்கு எங்க அண்ணன்ட்ட குடுத்து விட்டுருதேன்" என்றார்.

"அங்கன கொழம்புச் சட்டியிலதான் இடம் கெடைக்கும். சேவல வளக்கேன்னு வாங்கிட்டுப் போயி ரெண்டு நாளு கூட வளக்கலியே ஒங்க அண்ணாச்சி" என்றேன்.

சிரித்தார். ஆனாலும் பேச்சை மாற்றவில்லை.

நானும் மாற்றவில்லை. அவருடைய வேட்டிப் பெட்டியைக் காலி செய்தேன். முயல் காலை நீட்டிப் படுக்க நீளம் போதும். அடிப்பலகை தேக்கு, தோண்ட முடியாது. மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தேன்.

"என் துணிய எங்கட்டி வைக்க?" என்றார்.

"பஞ்சாரம் சும்மாதான கெடக்கு" என்றேன்.

முயல் இனி இங்கேதான் இருக்கும். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

எங்கள் கல்யாணத்துப் பட்டு வேட்டி பெட்டியின் மூலையில் கிடந்திருக்கிறது. இப்போது பாதி இருக்கிறது.