ஆறு ஆமைகளை யார் எடுப்பது?

என் பிரியமான மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

முதல் தடவையாக அந்தச் சீட்டுகளைக் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? "மச்சான், பந்தியில அறுபது இலைதான் போட முடியும். தொண்ணூறு பேரு வந்து நிக்கிறாக. யாரைத் திருப்பி அனுப்புவீக?"

அப்போது நான் பணி ஓய்வு பெற்றுப் பொழுது போகாமல், கம்பத்தில் உன் நோட்டுப் புத்தகக் கடைக்கு வந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவன். கணக்கு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்டது கணக்கு மாதிரி இருந்தது, கணக்காக இல்லை. யாரையுமே அனுப்ப முடியாதே என்றேன். அப்படியானால் நீங்களும் நம்ம ஆளுதான் என்று சிரித்தாய். அன்றைக்கே எனக்கும் ஒரு சீட்டுக்கட்டைக் கையில் கொடுத்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தைக் கூட இருந்து வாசிக்கிறவர்களுக்கு உன் விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பிராணிகளை மோத விடுவார்கள். பிராணிக்குத் தெம்பு கொடுக்கிற சீட்டுக்கு ஞாயிறுதோறும் கூடி ஆடுகிற நம் கூட்டத்தில் தீனி என்று பெயர். மற்றதெல்லாம் துணைச் சீட்டு. நூற்றுக்கணக்கில் கிடைக்கிற சீட்டுகளிலிருந்து சரியாக அறுபதைப் பொறுக்கி ஒரு கட்டு சேர்க்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பாதி ஆட்டம் அப்படிப் பொறுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது.

நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் முதலில் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி கட்டு சேர்ப்பார்கள். சித்தப்பா வீட்டுக்கு வைத்தால் பெரியப்பா வீட்டுக்கும் வைக்க வேண்டும், ஒருத்தரை விட்டாலும் மனஸ்தாபம். எல்லாப் பிராணியிலும் ஒன்றே ஒன்று. ஆட உட்கார்ந்தால் வேண்டிய நேரத்துக்கு வேண்டியது ஒன்றும் கைக்கு வராது. நீயும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தாய், பிறகு வெட்டக் கற்றுக்கொண்டாய். நான் பார்த்தவரையில் உன்னைப் போல் தயவு தாட்சண்யம் இல்லாமல் சீட்டைத் தூக்கிப் போட்ட ஆள் நம் கூட்டத்தில் இல்லை.

பாறை ஆமையை மட்டும் விடவில்லை. குட்டி ஆமை நாலு, பெரிய ஆமை இரண்டு. குட்டி வெளியே வந்து, சும்மா உட்கார்ந்து, தீனியைத் தின்று தீர்த்து, பிறகுதான் பெரிசாகும். அதற்குள் எதிராளி பாதி ஆட்டத்தை முடித்திருப்பான். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறுகிற ஜீப் டிரைவர் ஷாஜி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைச் சீண்டுவான். "சாரே, இந்த ஆமை குமுளி ஏறி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு டிரிப் அடிச்சிருவேன்." நீ தலை நிமிராமலே சொல்லுவாய், "ஏறிருச்சுன்னா எறக்க உன்னால ஆகாதுடா."

நீ போனபோது கவாத்து முடிந்து துளிர் விட்டிருந்த பன்னீர்த் திராட்சை இப்போது பெட்டி பெட்டியாகக் கேரளாவுக்குப் போகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஷாஜியின் ஜீப்பில்தான் தேனிக்குக் கொண்டுபோனோம். சின்னமனூரைத் தாண்டுவதற்குள் போய்விட்டாய். அதைப் பற்றி உன்னிடம் நான் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம் உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மதுரையில் ஜோடியாக ஆடும் போட்டிக்கு உன் பேரையும் என் பேரையும் கொடுத்திருந்தாய் அல்லவா? அந்தப் போட்டி இந்த ஞாயிற்றுக்கிழமை. உன் இடத்தில் உன் பெண்டாட்டி வசந்தா உட்கார வேண்டும், உன் கட்டு ஒரு சீட்டுகூட மாறாமல் மதுரைக்குப் போக வேண்டும் என்று நம் கூட்டம் முடிவு பண்ணியது. நானும் தலையாட்டினேன். உன் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி எங்களுக்கு ஒரு நிறைவு. அவளுக்கு எப்படி இருக்கும் என்று அவள் கூடப் பிறந்த நானே கேட்கவில்லை.

எங்கள் சின்னம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், வருசம் திரும்பலை, அதுக்குள்ள மதுரைக்குச் சீட்டாடப் போறாளாம் என்று. வசந்தா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டாள். ஆமாம் மாப்பிள்ளை, கடையை அவள்தான் பார்க்கிறாள். வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை எழுப்பி வெளியே கொண்டுவந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான். அதுவும் போய்விட்டால் என்ன பண்ணுவது என்று எனக்குப் பயம்.

வாரா வாரம் உன் கட்டை வைத்துத்தான் பழகினாள். எல்லா ஆட்டமும் தோற்றாள். சும்மா தோற்கவில்லை, கடைசிச் சுற்று வரை இழுத்துப் பிடித்துத் தோற்றாள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கும். போன ஞாயிறு ஷாஜியிடம் தோற்றதும் சீட்டுகளை அடுக்கினாள், ரப்பர் பேண்டு போட்டாள், கண்ணில் தண்ணீர் இல்லை.

"அண்ணே, இத்தனை வருசம் இந்தக் கட்டை எதுத்து ஆடித்தான் எனக்குப் பழக்கம். இதுகூட நின்னு ஆடத் தெரியல. ஒவ்வொரு தடவை நான் தோக்கும்போதும் அவுகளை இன்னொருக்கா தூக்கிக் குடுத்த மாதிரி இருக்கு."

ஷாஜி ஜீப் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவிக்கொண்டிருந்தான். கட்டை என் முன்னால் தள்ளிவிட்டு, "நீதான் கணக்கு வாத்தியாரு. எதை எடுக்கணுமோ எடு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். சேர்க்கிற அறுபது சீட்டும் எவை என்று சனிக்கிழமைக்குள் மதுரைக்கு எழுதி அனுப்ப வேண்டும். இப்படியே போனால் மதுரையில் அத்தனை பேர் முன்னாலும் உன்னைத் தோற்பாள். மாற்றினால் அது உன் கட்டு இல்லை.

கணக்கு எளிது. வகுப்பில் இதைச் சாக்பீஸ் வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு பெட்டியில் அறுபது சாக்பீஸ், அதில் ஆறு உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏழு எடு. இரண்டு தடவை எடுத்தால் சராசரியாக ஒரு தடவை உடைந்தது ஒன்று கைக்கு வரும். ஆட்டம் தொடங்கும்போது கைக்கு வருகிற சீட்டும் ஏழுதான். ஆடுகிற ஆட்டங்களில் பாதியில் ஆமையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. எதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்.

தெரிந்து என்ன? ஆமைச் சீட்டுகளைப் போட்டிருக்கும் உறைகளின் ஓரத்தைப் பார்த்தேன். நீ கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அந்த ஆறு பிளாஸ்டிக் உறைகள் மட்டும் மங்கிப்போயிருக்கின்றன. கவாத்துப் பண்ணும்போது பச்சைக் கொடியைக்கூட வெட்டித்தானே தள்ளுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதாரணம் சொல்ல எனக்கா வராது? ஒன்றுக்கு நாலு சொன்னேன். கைதான் நகரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கட்டைப் பிரித்தேன், பார்த்தேன், திரும்பக் கட்டினேன்.

ஷாஜியைக் கூப்பிட்டு நீயாவது எடுத்துக் கொடு என்றேன். "எனக்கு ஆகாது சாரே. கேலி பண்ணுனவன் நான். என் கையால எடுத்தா அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றான். உன் முகத்தில் விழிக்கத்தான் இனி வழி இல்லையே என்று நானும் சொல்லவில்லை, அவனும் நினைக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. புதன்கிழமை சாப்பிடும்போது வசந்தா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். புதுக் கட்டு சேர்த்தால் நீ முதலில் அவளோடுதான் ஆடிப் பார்ப்பாயாம். அடுப்பில் குக்கர், கையில் சீட்டு. குட்டி ஆமை வெளியே வந்தாலே அவளுக்குக் குஷியாம். "ரெண்டு சுத்து அவுக சும்மா உக்காந்திருப்பாகல்ல, அதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சிருவேன். என்னைக்கும் அந்த ஆமையாலதான் செயிப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மோர் ஊற்றினாள்.

தெரிந்தேதான் வைத்திருந்தாயா, மாப்பிள்ளை? மற்ற எல்லாச் சீட்டையும் ஈவு இரக்கம் இல்லாமல் வெட்டியவனுக்கு இது மட்டும் ஏன் கண்ணில் படாமல் போனது? இதை அவளிடம் கேட்கவா? கேட்டால் ஆறுதலாக இருக்குமா, இருக்கிற தெம்பும் போய்விடுமா? உன்னிடம்தான் கேட்க முடியும். நீ சொல்ல மாட்டாய்.

நேற்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தவள் மேசை மேல் கட்டு ரப்பர் பேண்டோடு இருந்ததைப் பார்த்தாள். "இன்னும் எடுக்கலையா?" என்றாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறுபதையும் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, அது என்ன செய்யும் என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இது தீனி தேடித் தரும். இது அடிக்கும். இது அடி வாங்கும், ஆனா விழாது. இது கெட்டதை எடுத்துட்டு நல்லதைக் குடுக்கும்.

ஆமை வந்தது. "இது" என்றாள். விரல் அப்படியே நின்றது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இது அவுகளுக்குப் பிடிக்கும்."

எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்த சீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு ஆமை வந்தபோதும் அதே வார்த்தையைச் சொன்னாள், அவசரப்படாமல், ஒன்றையும் விட்டுவிடாமல். ஆறு தடவை அதைக் கேட்டுக்கொண்டு நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை, ஒரு சீட்டைக்கூட என்னால் அவளுக்காக எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

காலியான ஆறு இடத்துக்கு அவளே உன் சீட்டுப் பெட்டியிலிருந்து மின்னல் கீரியைப் பொறுக்கினாள், நாலு. அதற்குத் துணையாக இரண்டு. பொறுமை இல்லாதவன் சீட்டு என்று நீ ஒதுக்கிப் போட்ட கீரிதான். வந்த சுற்றிலேயே பாயும், அடுத்த சுற்றில் செத்துப்போகும். "அவுக இருந்தா வைவாக" என்றாள். வைதால் வைதுவிட்டுப் போகட்டும் என்றேன். உறையைத் துடைத்துக்கொண்டே, "வஞ்சா நல்லாத்தான்ணே இருக்கும்" என்றாள்.

பிறகு என்னோடு ஒரு ஆட்டம் ஆடினாள். கீரி பாய்ந்தது. ஜெயித்துவிட்டாள், சீக்கிரமே. கடைசிச் சீட்டை வைத்ததும் சிரிக்கிற மாதிரி நிமிர்ந்து எதிரே பார்த்தாள். எதிரே நான் இருந்தேன்.

இன்று காலை அறுபது சீட்டின் பேரையும் எழுதி அனுப்பிவிட்டோம். இனி மாற்ற முடியாது. இந்தக் கட்டு உன்னுடையதா, அவளுடையதா என்று நம் கூட்டம் கேட்கும். எனக்குத் தெரியாது. ஜெயிக்குமா என்றும் தெரியாது. ஆறு ஆமைகளையும் நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்திருக்கிறாள். சட்டைப் பையில் இருக்கின்றன. உன் பெட்டியில் திரும்பப் போட மனம் இல்லை, என் கட்டில் சேர்க்கவும் மனம் இல்லை. எங்கே வைப்பது என்று இந்த வயதில் ஒரு சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை பார்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் எந்தச் சீட்டை இறக்கினாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு எதிரே வந்து உட்காருவேன். உன் இடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எதிரே ஒரு ஆள் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாதே.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்களிடம் சீட்டுக்கட்டு இருந்தால், அத்தனையையும் பரப்பி, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

உன் மச்சான்,
வசந்தாவின் அண்ணன்