விடாத கை

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் உன் தங்கையும் நலம், என்னிடம் இல்லாத வலது கையைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். உன் கடிதம் வந்தபோது உறையைப் பிரிக்க இரண்டு கையையும் நீட்டினேன், காலிச் சட்டைக்கை உறையில் உரசியதை அவள்தான் முதலில் கவனித்தாள், வழக்கம்போல வாயே திறக்கவில்லை ஊமைச்சி. அச்சகத்தில் காகிதம் வெட்டும் கத்தி இறங்கும்முன் விசையை அழுத்துகிறவர் “விடு” என்று குரல் கொடுப்பார், காகிதக் கட்டைப் பிடித்திருப்பவன் கையை எடுப்பான், அதுதான் வழக்கம். நான் பிடித்திருந்த அன்று அவர் மறந்துவிட்டார். ஐந்து மாதமாகியும் அந்தக் கை காகிதக் கட்டை விடவில்லையம்மா, இறுக மூடியே இருக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது. செத்தவனுக்குக்கூட வலி அடங்கிவிடும், செத்த கைக்கு அடங்கவில்லை பார். நரம்பு டாக்டரம்மா விளக்கினார். நரம்பணு நூல்போல நீண்டு கிடக்குமாம், செய்தி அதில் மின்துடிப்பாக ஓடி, நுனியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் ஏதோ ரசாயனத்தைக் கசியவிட்டு அடுத்த அணுவை எழுப்புமாம். வெட்டுப்பட்ட நுனி தானாகவே துடித்துச் செய்தி அனுப்புகிறது, மூளையோ கை இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது என்றார். “அப்போ இன்னும் மேலே வெட்டிடுங்க” என்றேன். “அங்கேயும் ஒரு நுனி வருமே, அப்புறம் எதை வெட்டுவீங்க? கண்ணாடி முன்னால இடது கையைத் திறந்து காட்டுங்க, அதுல தெரியறதை மூளை வலது கைன்னு நம்பும், மூடின பிடியும் விட்டுடும்” என்றார். கண்ணாடியில் ஏமாற நான் என்ன சிட்டுக்குருவியா? வேறோர் ஆஸ்பத்திரியில் வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள், திங்கட்கிழமை போகிறேன், திட்டாதே. எனக்குப் பொத்தான் போட்டுவிடவே உன் தங்கை பள்ளியை விட்டாள், அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது, மறக்காதே. குளிரில் காதை மூடிக்கொள். நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும் அப்பா

அக்கா, இனி நான் எழுதுவது. கண்ணாடி வேண்டாம் என்பதற்கு அப்பா எழுதச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. “அதுல கை தெரிஞ்சுட்டா, கண்ணாடியை எடுக்கும்போது இன்னொரு தடவை போகும்டி” என்றார். அவர் கையெழுத்திட்டதும் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் நிறுத்தினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இடது கையை எடுத்துக் கண்ணாடி முன் வைத்தேன். பிறகு அச்சகத்தில் கொடுப்பதுபோல, “விடு” என்று சத்தமாகக் குரல் கொடுத்தேன்.