ஆய்வுக்கு முந்தைய அறிக்கை

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய உலகம்மாள் அம்மாவுக்கு, கலைமதி வணக்கத்துடன் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் மகள் சுகப்பிரியா மறுபடியும் காலேஜ் போகிறாளா? அவள்தான் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். மாரிசெல்வத்தை ஊருக்குக் கொண்டுபோக வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் கொடுத்தேனே, கம்பெனி ஆபீஸ் பெண், அது நான்தான். “எம்புள்ள என்னம்மா தப்பு செஞ்சான்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். தெரியவில்லை என்றேன். பொய் சொன்னேன் அம்மா.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் ஓட்டிய, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் கையோ தலையோ போனால் மெஷின் தானாக நிற்க ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நின்றால் டார்கெட் போகிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அரசாங்க அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றால் முந்தின நாளே எனக்குப் போன் வரும். நான் லைனுக்குச் சொல்வேன். அன்று மட்டும் மாட்டுவார்கள். நான்கு வருஷமாக இதைச் செய்கிறேன்.

ஒரே ஒரு அதிகாரி சொல்லாமல் வந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் மேலிடத்தில் பேசினார்கள். பத்தே நாளில் அவருக்கு மாறுதல். நோட்டீஸ் போன இடம் தெரியவில்லை.

மாரிசெல்வம் போன மறுநாள் காலையில் மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, குங்குமம் தடவி ஓட்ட ஆரம்பித்தார்கள். சென்சாரை மட்டும் மாட்டவில்லை.

அரசாங்க விசாரணை அறிக்கையை டைப் அடித்தவளும் நான்தான். எங்கள் மேனேஜர் புருஷோத்தமன் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘தொழிலாளி தானே சென்சாரை அணைத்துள்ளார்’ என்ற வரியில்கூட என் கை நிற்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் அடித்தது செவ்வாய்க்கிழமை. அதிகாரி வந்து மெஷினைப் பார்த்தது வியாழன். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விபத்து வழக்கு முடியும்வரை உங்கள் மகன் பெயரை ஷிப்ட் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாதாம். சூப்பர்வைசர் டில்லிபாபு பழக்கத்தில் அதையும் கூப்பிட்டுவிடுகிறார். போன வாரம் பிரஸ் பக்கத்திலிருந்து ‘இருக்கேன் சார்’ என்று ஒரு குரல் வந்தது. “இன்னா விளையாட்டுடா இது, யார்ரா அவன்?” என்று கத்தினார். பட்டியல் கொடுக்கப் போயிருந்த எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

அடுத்த வாரம் கம்பெனி ஆட்கள் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். நஷ்டஈடு என்பார்கள், அறிக்கையை ஒப்புக்கொள்வதாக ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை தேதியோடு அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நல்ல வக்கீலிடம் கொடுங்கள். எங்கே கூப்பிட்டாலும் வந்து நான் சாட்சி சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எனக்குத் திடீரென்று நல்ல மனசு வந்துவிடவில்லை அம்மா. நாளை திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பிரஸ்ஸில் என் தம்பி திருமலையைப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம்டா என்று அழுதால், “அதான் பூஜை போட்டாச்சேக்கா” என்கிறான். உங்கள் பிள்ளைக்காக எழுதாதவள் என் தம்பிக்காக எழுதுகிறேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். சாபம் மட்டும் விடாதீர்கள். அவன் நாளைக் காலையில் முதல் ஷிப்ட் போகிறான்.

இப்படிக்கு,
கலைமதி